விரலுக்குத் தெரிந்தது கீபோர்டுக்குத் தெரியுமா?

பழைய கீபோர்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் போய் நிற்பது சத்தத்தில்தான். ஐபிஎம் மாடல் எம் இப்படிச் சத்தம் போடும், செர்ரி ப்ளூ அப்படிச் சத்தம் போடும், ஆல்ப்ஸ் வேறு மாதிரி என்று சத்தத்துக்கென்றே யூடியூபில் வீடியோ போடுகிறார்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் கேட்பேன். ஆனால் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் இந்தப் பழைய ஸ்விட்ச்களைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மணிக்கணக்கில் அதில் டைப் அடித்துப் பார்த்த பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கீயை அழுத்துகிறோம். "ஆச்சு" என்று விரலுக்கு ஓர் இடத்தில் தெரிகிறது. "ஆச்சு" என்று உள்ளே இருக்கிற மின்சுற்றுக்கும் ஓர் இடத்தில் தெரிகிறது. இது இரண்டும் ஒரே நிகழ்வா, இல்லை பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் இரண்டு தனி நிகழ்வுகளா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழைய ஸ்விட்சையும் திறந்து பாருங்கள், அதைச் செய்தவர்கள் எதற்குக் காசு செலவழித்தார்கள், எங்கே கையை இறுக்கினார்கள் என்பது தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை. அந்த முறையில் டைப் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஒரே மெய்யெழுத்துக் கீயை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அக்கா என்று அடிக்க அ, க, க, ஆ. தமிழில் க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற எல்லாம் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள், இந்தப் பத்தியிலேயே எண்ணலாம். அதாவது தமிழ்99இல் அடிப்பவர் ஒரே கீயை விரைவாக இருமுறை தட்டிக்கொண்டே இருக்கிறார். ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. அந்த இரண்டாவது தட்டு பதிவாக வேண்டுமென்றால், முதல் தட்டுக்குப் பிறகு கீ போதுமான அளவு மேலே எழும்பி, ஸ்விட்ச் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். எந்த இடத்தில் திரும்புகிறது, அது விரலுக்குத் தெரிகிறதா என்பதில்தான் ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் பெரிய வித்தியாசம்.

சரி, கதையை ஐபிஎம்மிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கக்கூடாது, டைப்ரைட்டரிலிருந்து தொடங்க வேண்டும். 1961இல் ஐபிஎம் செலக்ட்ரிக் என்ற மின் தட்டச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. எழுத்துக் கம்பிகளுக்குப் பதிலாக ஒரு சின்ன உருண்டை, அதில் எல்லா எழுத்தும் பொறித்திருக்கும், அது சுழன்று சாய்ந்து காகிதத்தில் அடிக்கும். அலுவலகங்களில் அதுதான் ராஜா. அதில் கீயை ஒரு புள்ளிவரை நாம் அழுத்தினால் போதும், அந்தப் புள்ளியைத் தாண்டியதும் மோட்டார் வேலையை வாங்கிக்கொள்ளும். உடனே உருண்டை காகிதத்தில் அடிக்கிற அதிர்வு மேசை வழியாகக் கைக்கு வரும். அடித்தது அடிபட்டது என்பதில் டைப்பிஸ்டுக்குச் சந்தேகமே வராது. பத்து வருடம் அப்படிப் பழகிய கைகளை அப்படியே திரைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்ற நிலைமை 1970களில் வந்தது. திரையில் எழுத்து ஓசையே இல்லாமல் தோன்றும். விரலுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

அதற்கு ஐபிஎம் கொடுத்த முதல் பதில் பீம் ஸ்பிரிங். 3270 வரிசை முனையங்களில், அதாவது பெரிய கம்ப்யூட்டரோடு இணைக்கும் திரையும் கீபோர்டும் சேர்ந்த இயந்திரங்களில் வந்தது. ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஒரு கனமான மாட்யூல், அதற்குள் வளைந்து நிற்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு. கீயை அழுத்த அழுத்தத் தகடு தாங்கிக்கொண்டே வந்து, ஓர் எல்லையில் சட்டென்று மறுபக்கம் தாவும். தாவும்போது அதோடு இணைந்த ஒரு சின்னத் தட்டும் அசையும், அடியில் சர்க்யூட் போர்டில் இருக்கும் இரண்டு திட்டுகளுக்கு இடையிலான மின்தேக்குத் திறன் (கெபாசிட்டன்ஸ்) மாறும், கட்டுப்பாட்டுச் சுற்று அதைப் படித்துக்கொள்ளும். தகடு தாவுவதும் எழுத்து பதிவாவதும் ஒரே அசைவு. அது போதாது என்று 3278 முனையத்தின் கீபோர்டுக்குள் ஒரு சோலனாய்டையும், அதாவது மின்காந்தத்தால் அசையும் ஒரு சின்னக் கம்பியையும் வைத்தார்கள். ஒவ்வொரு கீக்கும் அது உள்ளே ஒரு தட்டு தட்டும், செலக்ட்ரிக்கில் பழகியவருக்கு அந்த அதிர்வு இல்லாமல் போய்விடக்கூடாது என்று. இதைச் சிலர் தேவையில்லாத சத்தம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, டைப் அடிக்கிற ஒரு மனுஷியின் பழக்கத்தை ஒரு பெரிய கம்பெனி இவ்வளவு பொருட்படுத்தியது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பீம் ஸ்பிரிங்கில் பிரச்சினை விலையும் உயரமும்தான். ஒவ்வொரு மாட்யூலிலும் பாகங்கள் அதிகம், கீபோர்டு ஒரு பெட்டி மாதிரி உயரமாக நிற்கும், தூசி உள்ளே போகாமல் இருக்க ஒரு பாதுகாப்புத் தாள் வேறு போட வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் முனையத்தில் இந்தச் செலவு மறைந்துவிடும். வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் போகப்போகிற கம்ப்யூட்டரில் மறையாது.

இங்கேதான் ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்டு ஹண்டர் ஹாரிஸ் கண்டுபிடித்த பக்லிங் ஸ்பிரிங் வருகிறது. 1978இல் காப்புரிமை கிடைத்தது. இந்தத் துறையில் நான் பார்த்ததிலேயே அழகான வடிவமைப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேசையில் நிமிர்த்தி நிறுத்தி மேலேயிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் தாங்கும், ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும், வளைந்த பிறகு அதில் எதிர்ப்பு பெரிதாக இருக்காது. அந்த எல்லை எவ்வளவு என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கட்டடம் கட்டுகிறவர்கள் தூண் அப்படி வளைந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சூத்திரத்தைப் படிக்கிறார்கள். ஹாரிஸ் அதே வளைவை வேண்டுமென்றே நடக்க வைத்தார்.

கீக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஒரு சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அடிமுனை ஒரு சின்னச் சுத்தியலில் உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சுத்தியல் ஓர் அச்சில் முன்னும் பின்னும் சாயக்கூடியது. கீயை அழுத்தினால் ஸ்பிரிங் முதலில் நேராகச் சுருங்குகிறது, எதிர்ப்பு ஏறிக்கொண்டே வருகிறது. பிறகு அதனால் நேராக நிற்க முடியாத ஒரு கட்டம் வருகிறது. அப்போது நடுவில் வளைந்து குழாயின் சுவரில் போய் அடிக்கிறது, அதுதான் நமக்குக் கேட்கும் டக். அந்த வளைவின் வேகத்திலேயே அடிமுனை திரும்பி, சுத்தியல் மறுபக்கம் சாய்கிறது, பதிவு நடக்கிறது. எதிர்ப்பு குறைந்தது, சத்தம் வந்தது, எழுத்து பதிவானது, மூன்றும் ஒரே ஸ்பிரிங்கின் ஒரே வளைவு. கிளிக் சத்தத்துக்கென்று தனி பாகம் கிடையாது. விரலுக்குச் சொல்வதற்கென்று தனி பாகம் கிடையாது. கையை எடுத்தால் ஸ்பிரிங் நிமிரும்போது சுத்தியல் திரும்பி வரும், அதையும் விரல் உணரும். என் இரட்டைத் தட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்றால், கீயை எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று நான் யோசிப்பதே இல்லை, அந்தத் திரும்பும் துடிப்பு விரலில் பட்டதும் அடுத்த தட்டுக்கு விரல் தானாக இறங்கிவிடுகிறது.

இதை வைத்துச் செய்ததுதான் மாடல் எஃப். 1981இல் முதலில் சிஸ்டம்/23 டேட்டாமாஸ்டர் என்ற கம்ப்யூட்டரில் வந்து, அதே வருடம் ஆகஸ்டில் ஐபிஎம் பிசியோடு 83 கீகளாக உலகத்துக்கு வந்தது. பீம் ஸ்பிரிங் மாதிரியே இதிலும் மின்தேக்கு முறைதான், சுத்தியலின் அடிப்பாகமே கரி கலந்த மின்கடத்தும் பிளாஸ்டிக், அது போர்டில் இருக்கும் திட்டுகளின் மேல் அசையும். உலோகம் உலோகத்தோடு உரசுகிற தொடர்பே இல்லை என்பதால் தேய்மானமும் குறைவு, எத்தனை கீயை ஒரே நேரத்தில் அமுக்கினாலும் அத்தனையும் தனித்தனியாகப் பதிவாகும். குழாய்களையும் போர்டையும் இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். தூக்கினால் கை வலிக்கும். கீ அமைப்பில் மட்டும் அன்றைக்கே திட்டு வாங்கியது, என்டர் கீ ஒல்லி, இடது ஷிஃப்டுக்கும் இசட்டுக்கும் நடுவில் வேறொரு கீ வந்து உட்கார்ந்திருக்கும். 1984இல் ஏடி கம்ப்யூட்டரோடு வந்த 84 கீ அமைப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

அடுத்தது மாடல் எம், 1985. ரசிகர்கள் மத்தியில் மாடல் எஃப் பெரிதா மாடல் எம் பெரிதா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது, மாடல் எம்மை மலிவாக்கப்பட்ட எஃப் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மைதான், செலவைக் குறைக்கத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். மின்தேக்கு போர்டையும் அதைப் படிக்கும் சுற்றையும் எடுத்துவிட்டு, மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்தார்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின் தடங்கள், நடுத் தாளில் ஓட்டை, சுத்தியல் வந்து அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். இதற்கு எட்வின் கோல்மன் பெயரில் 1985இல் வந்த காப்புரிமை இருக்கிறது. தாளை மூடும் அளவுக்குச் சுத்தியல் வேலை செய்ய வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி வடிவத்தை மாற்றினார்கள். ஆனால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. வளைவும் பதிவும் ஒரே நிகழ்வாக இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. பட்ஜெட் வெட்டும்போது எது மிச்சம் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது. இரண்டிலும் அடித்துப் பார்த்தால் எஃப் இன்னும் கூர்மை, கொஞ்சம் லேசு, உள்ளே ஒரு மணியோசை மாதிரி அதிரும், எம் சற்றே மங்கல். அந்த வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் தினமும் நான் எழுதுவது எம்மில்தான், காரணம் அதன் கீ அமைப்பு. மேலே எஃப்1 முதல் எஃப்12, வலது பக்கம் தனியாக அம்புக்குறிகள், அதற்கப்பால் எண்கள் என்று 101 கீகளை மாடல் எம் எப்படி அடுக்கியதோ அந்த அடுக்கில்தான் இன்றைக்கும் உலகம் டைப் அடிக்கிறது.

மாடல் எம்மின் நிஜமான பலவீனம் ரிவெட். குழாய்கள் இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் தாளையும் ரப்பர் விரிப்பையும் அடியில் இருக்கும் வளைந்த ஸ்டீல் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் முனைகள்தான், தகட்டின் ஓட்டை வழியாக விட்டு உருக்கித் தட்டையாக்கி இருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அவை ஒவ்வொன்றாக உடைந்து கழன்றுவிடும், அந்த இடத்தில் தகடு விலகும், அங்கே இருக்கும் கீகள் மந்தமாகும். ரசிகர்கள் மீதி முனைகளையும் செதுக்கி எடுத்துவிட்டு, ஓட்டை போட்டு, சின்ன போல்ட் நட் வைத்து இறுக்குகிறார்கள். பொறுமை வேண்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும், ஆனால் முடித்த பிறகு அது புதிதாக வந்தபோது இருந்ததைவிட உறுதியாக இருக்கும். 1991இல் ஐபிஎம் இந்தப் பிரிவை லெக்ஸ்மார்க் என்று தனியாகப் பிரித்துவிட்டது, 1996இல் லெக்ஸ்மார்க் கீபோர்டு வேலையைக் கைவிட்டபோது யூனிகாம்ப் என்ற நிறுவனம் கென்டக்கியில் அந்த அச்சுகளையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டது. அங்கே இன்னும் செய்கிறார்கள்.

இனி செர்ரி. 1953இல் வால்டர் செர்ரி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு உணவகத்தின் அடித்தளத்தில் தொடங்கிய கம்பெனி, கீபோர்டு செய்ய ஆரம்பித்தது பிறகுதான். பிற்பாடு ஜெர்மனியே அதன் வீடாகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் அலுவலக வேலை செய்பவர்களின் மணிக்கட்டைக் காப்பாற்ற ஒரு தரநிலை வந்தது, கீபோர்டின் நடு வரிசை மேசையிலிருந்து 30 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது என்று. பீம் ஸ்பிரிங் காலத்து உயரமான கீபோர்டுகளின் கதை அதோடு முடிந்தது. எல்லோரும் குட்டையான ஸ்விட்ச் தேடி ஓடினார்கள், அந்தத் தேடலில் பிறந்தவற்றில் ஒன்றுதான் செர்ரி எம்எக்ஸ். இன்றைக்கு மெக்கானிக்கல் கீபோர்டு என்று சொன்னால் கண்முன் வரும் அந்தக் கூட்டல் குறி வடிவத் தண்டு அதனுடையதுதான்.

எம்எக்ஸின் அடிப்படை மிக எளிமை. நடுவில் ஒரு தண்டு, அதற்கடியில் ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு உலோக இலைகள். கீ மேலே இருக்கும்போது தண்டின் கால்கள் ஓர் இலையைத் தள்ளிப் பிரித்து வைத்திருக்கும். தண்டு சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கியதும் கால்கள் விலகி, இலை தன் இயல்புக்குத் திரும்பி மற்றதைத் தொடும். தொடும் இடத்தில் தங்கம் கலந்த இரண்டு கூர்விளிம்புகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கும், தூசி இருந்தாலும் ஒரு புள்ளியில் அழுத்தம் நன்றாக விழும் என்பதற்காக. மின்தொடர்புக்காக இவ்வளவு கவனம் எடுத்தவர்கள் விரலுக்காக எடுக்கவில்லை என்று சொல்லலாமா? எம்எக்ஸ் வகைகளுக்குத் தண்டின் நிறம்தான் பெயர். முதலில் வந்த கறுப்பு எம்எக்ஸில் விரலுக்கு எந்தச் செய்தியும் கிடையாது, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக எதிர்ப்பு ஏறும், அவ்வளவுதான். எங்கே பதிவானது என்று தெரியாததால் எல்லோரும் அடிவரை அழுத்துவார்கள். அதே சமயம் பதிவாகும் இடமும் திரும்பும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இரட்டைத் தட்டுக்கு அது எந்தத் தொல்லையும் கொடுக்காது. வைஸ் என்ற கம்பெனியின் முனையங்களிலிருந்து எடுத்த பழைய கறுப்பு ஸ்விட்ச்களுக்காக இன்றைக்கும் ரசிகர்கள் காசை அள்ளிக் கொடுக்கிறார்கள், வருடக்கணக்கான உபயோகத்தில் வழுவழுப்பாகி இருக்கும் என்பதால். தொட்டுப் பார்த்தால் அந்த விலை புரியும்.

நீலம் வேறு கதை. அதில் தண்டு இரண்டு துண்டு, நீலத் தண்டின்மேல் ஒரு வெள்ளைச் சட்டை தளர்வாக மாட்டியிருக்கும். அழுத்தும்போது அந்தச் சட்டை உலோக இலையில் தடுக்கி நிற்கும், தண்டு மட்டும் இறங்கும், தடை விலகியதும் சட்டை படக்கென்று கீழே பாய்ந்து அடியில் மோதும். அந்த மோதல்தான் கிளிக். புத்திசாலித்தனமான ஏற்பாடு, இறங்கும் வழியில் கிளிக்கும் பதிவும் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன. கையைத் தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மேலே வரும் வழியில் தொடர்பு விடுபடுவது, பதிவான இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அதை விரலுக்குச் சொல்ல எதுவும் கிடையாது. நீல ஸ்விட்சில் வேகமாகத் தமிழ்99 அடித்தால் பக்கம் என்பது பகம் ஆகிவிடும் வாய்ப்பு உண்டு, இரண்டாவது க-வுக்கு விரலைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். பழுப்பு எம்எக்ஸில் இன்னும் மோசம், கால்களில் ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கிறது, மேடு இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதை வாங்கி மகிழ்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் என் கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை.

இங்கே நம்மூர்க் கதை ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் பல வருடங்கள் இருந்தது செர்ரி நீல ஸ்விட்ச்தான். டி.டி.பி. சென்டரிலும் பில்லிங் கவுண்டரிலும் நாம் கேட்டு வளர்ந்த அந்தக் கிளிக் சத்தம் அதுதான். மெக்கானிக்கல் கீபோர்டு என்பதெல்லாம் இணையத்தில் பெரிய பேச்சாவதற்கு முன்பே, அந்தச் சொல்லையே கேள்விப்படாத ஆயிரக்கணக்கான பேர் இங்கே அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடித்த அந்தக் கைகளைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

ஆல்ப்ஸுக்கு வருவோம். ஜப்பானில் 1948இல் கட்டாவோகா எலக்ட்ரிக் என்று தொடங்கி 1964இல் ஆல்ப்ஸ் எலக்ட்ரிக் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி. 1980களில் இவர்கள் செய்த எஸ்கேசிஎம் வரிசை ஸ்விட்ச்களுக்குத் தண்டின் நிறத்தை வைத்துத்தான் ரசிகர்கள் பெயர் சொல்கிறார்கள், நீலம், ஆரஞ்சு, சால்மன், வெள்ளை, கறுப்பு, க்ரீம். திறந்து பார்த்தால் என் கேள்விக்கு நேர் எதிரான பதில் கிடைக்கும். தண்டின் ஒரு பக்கத்தில் மின்தொடர்புக்கென்று தனியாக ஒரு சின்னத் தகட்டுப் பெட்டி, எதிர்ப் பக்கத்தில் விரலுக்குச் சொல்வதற்கென்று தனியாக ஓர் உலோக இலை. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அந்த இலையைப் பிடுங்கிவிட்டாலும் ஸ்விட்ச் வேலை செய்யும், விரலுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கிளிக் வேண்டுமா, அதற்கு ஒரு வடிவ இலை, சத்தமில்லாத மேடு மட்டும் போதுமா, அதற்கு வேறு வடிவ இலை. உற்பத்தி செய்கிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது.

அப்படியானால் எனக்கு ஆல்ப்ஸ் பிடிக்கக்கூடாது. ஆனால் ஆரஞ்சு ஆல்ப்ஸில் அடிக்கும்போது நான் எழுப்பிய கேள்வியே கொஞ்ச நேரம் மறந்துபோகிறது. ஆப்பிள் 1987இல் கொண்டுவந்த எக்ஸ்டெண்டெட் கீபோர்டில் இருப்பது இந்தக் குடும்பம்தான். கீ இறங்க ஆரம்பித்ததுமே மேடு தொடங்கிவிடும், உருண்டு திரண்ட மேடு, அதைத் தாண்டினால் விரல் தானாக இறங்கும். இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்தாலும் அளவெடுத்துச் செய்தால் கைக்கு ஒன்றாகத் தெரிய வைக்கலாம் என்று அவர்கள் நிரூபித்திருக்கிறார்கள், இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1990இல் வந்த இரண்டாம் பதிப்பில் க்ரீம் நிறத் தண்டு, அதில் சின்ன ரப்பர் துண்டுகள் வைத்துச் சத்தத்தை அடக்கியிருப்பார்கள், ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் இடத்துக்கு அதுதான் சரி. பழைய ஆப்பிள் கீபோர்டைப் பார்த்தால் ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாகி மற்ற கீகள் வெளுப்பாகவே இருக்கும், மற்ற கீகள் பிபிடி என்ற பிளாஸ்டிக், ஸ்பேஸ் பார் சீக்கிரம் மஞ்சளாகும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதனால்தான். ஆல்ப்ஸின் எதிரி தூசி. உள்ளே வறண்ட மசகுப் பூச்சு போட்டிருப்பார்கள், தூசி புகுந்துவிட்டால் உரசல் ஏறும், அந்த மேட்டின் அழகெல்லாம் போய்விடும். மூடிவைத்துப் பாதுகாத்த ஆல்ப்ஸும் கடைத்தெருவில் கிடந்த ஆல்ப்ஸும் ஒரே ஸ்விட்ச் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

விரலைப் பற்றிக் கவலையே படாத ஒரு பரம்பரையும் உண்டு. ஹனிவெல்லின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு, இல்லினாயின் ஃப்ரீபோர்ட்டில் இருந்தது, 1968இல் ஹால் விளைவை வைத்துக் கீபோர்டு கொண்டுவந்தது. 1879இல் எட்வின் ஹால் கண்ட அந்த விளைவு, காந்தப்புலம் பக்கத்தில் வந்தால் மின்னோட்டம் போகும் தகட்டின் குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றும் என்பது. தண்டில் காந்தம், அடியில் உணரும் சில்லு, நடுவில் தொடர்பே கிடையாது, எனவே தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் எதுவும் கிடையாது. எம்ஐடியில் டாம் நைட் வடிவமைத்த ஸ்பேஸ் கேடட் கீபோர்டு, மெட்டா, சூப்பர், ஹைப்பர் என்றெல்லாம் கீகள் வைத்திருந்ததே, அதிலும் இந்த மைக்ரோ ஸ்விட்ச் வகைதான். ஆனால் அழுத்தினால் வெறும் ஸ்பிரிங். எப்போது பதிவானது என்று விரலுக்குத் தெரிய வழியில்லை. ஆயுள் வேண்டும், நம்பகம் வேண்டும் என்று மட்டும் கேட்டவர்களுக்குச் செய்தது.

இதற்கு மறுமுனையில் கீ ட்ரானிக் என்ற கம்பெனியின் ஃபோம் ஸ்விட்ச். தண்டின் அடியில் ஒரு சின்னப் பஞ்சு வட்டம், அதன் அடியில் உலோகப் பூச்சுள்ள தாள், அது போர்டில் வந்து உட்கார்ந்தால் மின்தேக்குத் திறன் மாறும். மலிவு, எளிமை. ஆப்பிள் லிசாவிலும் காம்பாக் போர்ட்டபிளிலும் இருந்தது. பஞ்சு முப்பது நாற்பது வருடத்தில் பொடிந்து கொட்டிவிடும், அதனால் தொடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த லிசாகூட ஒரு நாள் டைப் அடிக்க மறுத்துவிடும். நல்ல வேளையாக ரசிகர்கள் புதுப் பஞ்சு வட்டங்களை வெட்டிச் செய்து விற்கிறார்கள்.

எனக்குச் சுவாரசியமாக இருப்பது, ஹால் விளைவு இப்போது விளையாட்டுக் கீபோர்டுகளில் திரும்ப வந்திருப்பது. வூட்டிங் மாதிரி நிறுவனங்கள் அதைக் கொண்டுவந்து, கீ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து அளக்கிறார்கள், விரல் மேல்நோக்கித் திரும்பிய கணமே கீயை விட்டதாகக் கணக்கெடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. பதிவாகும் இடம், திரும்பும் இடம் என்று நிலையான புள்ளிகளே இல்லை. விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது, ஆனால் இரட்டைத் தட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடித்துப் பார்த்தேன், ஒரு க-கூட தவறவில்லை. ஆனால் விரலுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, கண் திரையைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறது. இந்த அளவுக்கு நுணுக்கமாக அளக்கும் ஒன்றின்மேல் ஹாரிஸின் ஸ்பிரிங் மாதிரி ஒன்றை யாராவது உட்கார வைத்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

பழசு வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். மாடல் எம் கிடைத்தால் கையில் எடுத்து மெதுவாகக் குலுக்குங்கள், உள்ளே துண்டு உருளும் சத்தம் கேட்டால் ரிவெட் போய்க்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். முதுகில் ஒரு லேபிள் இருக்கும், தயாரித்த தேதியும் பாக எண்ணும் அதில் இருக்கும், 1391401 என்றிருந்தால் அதுதான் மிகப் பரவலான 101 கீ வகை, உதிரிப் பாகமும் சுலபமாகக் கிடைக்கும். ஆல்ப்ஸ் வாங்கினால் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை எல்லாக் கீயையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள், அதிகம் பயன்படாத எஃப் வரிசைக் கீகளும் நடுவிலிருக்கும் எழுத்துக் கீகளும் ஒரே மாதிரி இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பிசியோடு வந்த 83 கீ மாடல் எஃப் கிடைத்தால் அதன் மின்சமிக்ஞை முறை வேறு, பிஎஸ்2-க்கு விற்கும் சாதாரண அடாப்டரில் அது பேசாது, எக்ஸ்டி முறையைப் புரிந்துகொள்ளும் கன்வெர்டர்தான் வேண்டும். கன்வெர்டர் வந்து சேரும்வரை ஸ்பிரிங்குகளைத் துடைத்துக்கொண்டிருங்கள், எப்படியும் அதற்கு ஒரு வாரம் ஆகும்.